பிசகில்லாத சத்தம்

பொன்னேரி ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் எனக்கு ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் இடுப்புவலிக்காரர்கள். பழவேற்காடு ஏரியில் பொழுதுக்கும் குனிந்து கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள். மீதிப் பேர் பைக்கில் விழுந்தவர்கள். இந்த ஊர்க் கால்களைத் தவிர வேறு கால்களைத் தொடுவேன் என்று நான் நினைத்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு கலை அமைப்பிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அயர்லாந்திலிருந்து ஒரு நடனக் குழு வருகிறது, தமிழ்நாட்டில் பழைய இடங்களாகப் பார்த்து ஆடப்போகிறார்கள், ஒரு மாதம் கூடவே சுற்ற ஒரு பிசியோ வேண்டும் என்றாள். சுற்றுப்பயணத்தின் கடைசி இடம் பழவேற்காடு என்று சொன்னதும் சரி என்றேன். நான் பிறந்த ஊர் அது. என் நைனா அங்கே படகு வைத்திருந்தவர்தான். இப்போது அவர் இல்லை. அவருடைய தம்பி, என் சித்தப்பா, அதே துறையில் படகு ஓட்டுகிறார்.

குழுவில் பதினோரு பேர். முதல் வாரம் ஒருவர் பேரும் என் வாயில் நிற்கவில்லை. நோட்டில் "வலது கணுக்கால்", "இடது முழங்கால்", "தட்டைப் பாதம்" என்று எழுதிக்கொண்டேன். பேர்கள் பழகின பிறகும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட்டேன். பதினோரு பேரில் ஒருத்தியாகத் தானும் ஆடிக்கொண்டு குழுவை நடத்துகிறவள் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். எல்லோருக்கும் முன்னால் எழுந்து, எல்லோருக்கும் பின்னால் சாப்பிடுகிறவள். அவளைத் தலைவி என்று சொல்கிறேன்.

அவர்கள் ஆட்டத்தை முதல்முறை பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. சென்னையில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் ஒத்திகை. இடுப்புக்கு மேலே எதுவுமே அசையவில்லை. கைகள் விலாவோடு ஒட்டிக் கிடக்கின்றன, முகம் நேரே பார்க்கிறது, கீழே கால்கள் மட்டும் வேறு யாருடையவையோ போலப் பறக்கின்றன. ஷூவின் முனையிலும் குதிகாலிலும் கெட்டியான ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். பலகையில் பட்டால் ஆணி அடிக்கிற மாதிரி சத்தம். நிகழ்ச்சியின் கடைசி ஆட்டத்துக்கு இசை கிடையாது. பதினோரு பேரும் ஒரே வரிசையில் நின்று, கால் சத்தத்தாலேயே அதை முடிப்பார்கள்.

நான் தினமும் அந்தக் கால்களைப் பிசைகிறவள் என்பதால் சில நாளிலேயே கண்ணை மூடிக்கொண்டு யார் கால் எது என்று சொல்ல வந்துவிட்டது. வலது கணுக்கால் முப்பது வயதுப் பெண். முன்பு எலும்பு முறிந்து சேர்ந்த கால். அதனால் அவளுடைய வலது குதிகால் ஒரு நூல் பிந்தித்தான் விழும். இடது முழங்கால் உயரமான ஆள், வயதானவன். வலிக்கிற காலைக் காப்பாற்றுவதற்காக எடையை வலப்பக்கம் போடுவான், அந்தப் பக்கம் சத்தம் கனமாக வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு பிசகு உண்டு. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வலது கணுக்கால் அதை நினைத்து வெட்கப்படுவாள். "எங்க வரிசையில நான்தான் ஓட்டை" என்று ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதல் இடம் ஒரு மலைக்கோட்டை. பழைய கட்டடங்களின் தரையில் ஆட அனுமதி கிடையாது. கோட்டைக்கு வெளியே மண்ணில் எங்கள் பலகைகளைப் போட்டு அதன்மேல்தான் ஆட வேண்டும். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். கடைசி ஆட்டம் முடிந்து கால்கள் நின்றதும், பாறைப் பக்கமிருந்து அதே ஆட்டத்தின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு தட்டு திரும்பக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. கூட்டத்தில் குழந்தைகள் கைதட்டினார்கள்.

தலைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கேட்டீங்களா? இந்த இடம் நமக்குப் பதில் சொல்லுது!" என்று எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

வேனில் திரும்பும்போது வலது கணுக்காலுக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அந்த எதிரொலில என் கால் பிந்தல."

"தூரத்துலேர்ந்து வர்றப்ப எல்லாம் ஒண்ணா கலந்துடும்" என்றேன்.

"கலந்தா மங்கலா இருக்கணும். அது நம்மளவிடத் தெளிவா இருந்துச்சு."

களைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்தது, செத்தவர்களைப் புதைத்து மேலே வட்டமாகக் கல் நட்டு வைத்திருக்கிற ஒரு பொட்டல். எந்தக் காலத்துக் கல் என்று அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது. வெறும் கல்லும் முள்ளுச் செடியும். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு சுவர் இல்லை, பாறை இல்லை, நாலு பனைமரம் மட்டும். கல் வட்டங்களுக்கு வெளியே பலகை போட்டோம். ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு கிழவர் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்து ஓரமாக நின்றார்.

கடைசி ஆட்டம் தொடங்கியது. நான் எப்போதும்போல ஓரத்தில் உட்கார்ந்து ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அதைக் கவனித்தேன். அதுவரை மிரட்சியோடு பலகையையே பார்த்துக்கொண்டிருந்த ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் முதுகைக் காட்டித் திரும்பி, பொட்டல் பக்கம் பார்த்தன. அப்புறம்தான் எனக்கும் கேட்டது. இந்த முறை அது ஆட்டம் முடியும்வரை காத்திருக்கவில்லை. இவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு மூச்சு தள்ளி, அங்கேயும் நடந்தது.

கண்ணை மூடிக் கேட்டேன். பதினோரு பேர். ஒரு கால் பிந்தவில்லை, ஒரு பக்கம் கனக்கவில்லை. எத்தனையோ வருடமாகக் கால் பார்க்கிறேன், பிசகில்லாத ஒரு காலை நான் கண்டதில்லை. நடக்கிற எல்லோரும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறோம். அங்கே தட்டிக்கொண்டிருந்தவர்கள் எந்தப் பக்கமும் சாயவில்லை.

அப்போது வலது கணுக்கால் விழுந்தாள். பாதம் உள்பக்கமாக மடங்கி, பலகை விளிம்பிலிருந்து மண்ணில் சரிந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். கணுக்கால் ஏற்கெனவே வீங்க ஆரம்பித்திருந்தது.

"எப்படி விழுந்தே?"

"அதோட சேர்ந்து ஆடப் பாத்தேன்" என்றாள். "ஒரு நாலு தட்டு சேர்ந்தும் ஆடிட்டேன். எவ்வளவு சுலபமா இருந்துச்சு தெரியுமா? வலியே இல்ல. அதுக்கப்பறம் தரை எங்க இருக்குன்னே தெரியல."

அதற்குப் பிறகு அவளை நான் ஆட விடவில்லை. மிச்சம் இருந்த இடங்களில் பத்துப் பேர் ஆடினார்கள், அவள் என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பத்துப் பேர் ஆடினாலும் திரும்பி வந்தது பதினோரு பேருடைய சத்தம்தான். முதல்முறை அதைக் கேட்டபோது அவள் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. இரண்டு பேரும் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்களும் கேட்டிருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் முன்னைப்போல அரட்டை அடிப்பதில்லை. தலைவி மட்டும் மலர்ச்சியாக இருந்தாள். ஆட்டம் முடிந்தபின் ஐந்து நிமிடம் பலகைமேலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

பழவேற்காட்டுக்கு வந்தது தை மாதம். டச்சுக்காரர்களைப் புதைத்த ஒல்லாந்தர் கல்லறைக்கு வெளியே, மதிலோரம் ஆட ஏற்பாடு. அந்த வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். சின்ன வயசில் அதன் விரல்களை எண்ணிவிட்டு ஓடியிருக்கிறேன், அதனால் எனக்கு அதில் பயம் இல்லை. மீன் மார்க்கெட் முடிந்து நண்டுக் கூடையோடு பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். சர்ச்சிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். என் சித்தியும் வந்து, "இன்னாடி இது, கைய கட்டிப் போட்ட மாதிரி ஆடறாங்க" என்றாள்.

அன்றைக்குச் சத்தம் கல்லறைப் பக்கமிருந்து வரவில்லை. ஏரிப் பக்கமிருந்து வந்தது. தண்ணீருக்கு மேலிருந்து.

கூடை வைத்திருந்த பெண்களில் ஒருத்தி திரும்பிப் பார்த்து, "யாரு அங்க கட்டைய தட்றது? இந்நேரத்துல யாரும் வலை போட மாட்டாங்களே" என்றாள். படகின் பக்கப்பலகையைத் தட்டி மீனை வலைக்குள் விரட்டுகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. அவள் அதை நினைத்தாள். நானும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

மறுநாள் காலை பசியாவரத்தில் ஆட்டம். ஏரிக்குள் தீவாக இருக்கிற மீனவர் ஊர் அது. படகில்தான் போக வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள், தலைவியும் உடனே ஒப்புக்கொண்டாள். ஏழு மணிக்குத் துறைக்குப் போனோம். லேசாகப் பனி இருந்தது. முதல் படகில் பலகைகளும், ஐந்து ஆட்டக்காரர்களும், நானும். இடது முழங்கால் எங்களோடு வந்தான். இரண்டாவது படகு சித்தப்பாவுடையது. அதில் தலைவி, வலது கணுக்கால், இன்னும் நான்கு பேர். மைக் செட்டும் ஸ்பீக்கரும் மூன்றாவது படகில் பின்னால் வருவதாக இருந்தது. "போனெல்லாம் தண்ணி பட்டுக் கெட்டுடும், வேன்லயே வச்சிட்டு வாங்க" என்று எல்லோரிடமும் சொன்னது நான்தான்.

எங்கள் படகு கரை சேர்ந்து, பலகைகளை இறக்கி மணலில் வைத்துத் திரும்பிப் பார்த்தால் ஏரி இல்லை. பால் கொட்டினாற்போல மூடுபனி இறங்கியிருந்தது. நின்ற இடத்திலிருந்து படகின் மூக்கு தெரிந்தது, வால் தெரியவில்லை.

கால் மணி நேரம் பார்த்தோம். சித்தப்பா வரவில்லை. கரையில் ஒருவரிடம் போன் வாங்கிப் போட்டேன். நாலாவது முறை எடுத்தார்.

"இஞ்சின்ல வலக்கயிறு சுத்திக்கிச்சுமா. அறுத்துட்டேன். ஆனா இந்நேரம் எங்க இழுத்துக்கினு வந்துட்டிருக்குதுன்னு தெரில. தண்ணி வடியுது." குரல் நிதானமாகத்தான் இருந்தது. "நீ இன்னா பண்றேன்னா, அங்கேர்ந்து சத்தம் குடு. வுடாம குடு. நான் அத வச்சி வந்துடறேன்."

அத்தோடு அவர் போன் நின்றுவிட்டது. நனைந்துபோனது என்று பிறகு தெரிந்தது.

தண்ணீர் வடிகிறது என்றால் ஏரி கடலுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். படகு அந்த ஓட்டத்தில் மாட்டினால் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய் விடும். அங்கே அலை உடையும் இடத்தில் இந்தச் சின்ன பைபர் படகு பக்கவாட்டில் மாட்டினால் கவிழ்ந்துவிடும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அப்படிப் போன ஒருவரையாவது தெரியும்.

கரையில் இருந்தவர்கள் கத்திப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கையமர்த்தினார். "மனுசக் குரல் பனியில எங்கேர்ந்து வருதுன்னு தெரியாது. கட்டையில தட்னா தெரியும். முன்னல்லாம் படவத் தட்டுவோம். இப்போ எல்லாம் பைபரு, சொத்து சொத்துன்னுதான் கேக்கும்." இரண்டு பேர் படகெடுத்துத் தேடப் புறப்பட்டார்கள். போனவர்களையும் சேர்த்துத் தேட வேண்டிவரும் என்று அவர்களையும் நிறுத்தினார்.

நான் பலகைகளைப் பார்த்தேன். இடது முழங்காலும் பலகைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சித்தப்பா சொன்னதை அவனிடம் சொன்னேன். அவன் மற்ற நால்வரிடம் ஒரு வார்த்தை சொன்னான், எல்லோரும் ஈர மணலில் உட்கார்ந்து ஷூவை மாட்ட ஆரம்பித்தார்கள்.

ஐந்து பேரும் வரிசையாக நின்று கடைசி ஆட்டத்தை ஆடினார்கள். இசையில்லாமல் அவர்களுக்குத் தெரிந்த ஒரே ஆட்டம் அது. சத்தம் நன்றாகப் போயிற்று. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறை ஆடும்போது அது வந்தது.

முகத்துவாரத்துப் பக்கமிருந்து வந்தது. எங்கள் ஐந்து பேரைவிட உரக்க. பதினோரு பேர், ஒரே கால்போல. இத்தனை நாளும் கேட்டதைவிட அழகாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

பெரியவர் என்னிடம் திரும்பினார். "அங்கியும் உங்க ஆளுங்க இருக்காங்களா?"

"இல்ல."

"அப்போ அங்க யாரு தட்றது?"

அந்தப் பனிக்குள் சித்தப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் சத்தம் கேட்கும். எது பெரிதாக, எது நிறைய ஆட்களாக இருக்கிறதோ அதைத்தான் எவனும் கரை என்று நினைப்பான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

நிறுத்தினார்கள். அது உடனே நிற்கவில்லை. இரண்டு தட்டு, மூன்று தட்டு, தனியாகப் போயிற்று. பிறகு, யாரும் கூட வரவில்லை என்று தெரிந்துகொண்ட மாதிரி நின்றது. ஐந்து பேரும் அதைக் கேட்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில் எனக்கு எப்படித் தோன்றிற்று என்று இப்போதும் தெரியவில்லை. இடது முழங்காலின் தோளைப் பிடித்து, "சேர்ந்து ஆடாதீங்க" என்றேன். "ஆளுக்கு ஒண்ணு ஆடுங்க. தப்பா ஆடுங்க. காலு வலிச்சா வலிக்கிற மாதிரியே வைங்க."

அவன் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஐந்து வயதிலிருந்து தப்பாக ஆடக் கூடாது என்று மட்டுமே பழகிய மனிதர்கள். அப்புறம் அவனுக்குப் புரிந்தது. பலகைமேல் ஏறி, நொண்டிக்கொண்டே தொடங்கினான். வலது கால் கனமாக, இடது கால் பயந்து பயந்து. ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஒருத்தி வேகமாக, ஒருத்தன் மெதுவாக. பலகை பனியில் நனைந்து வழுக்கியது. ஒருவன் விழுந்து எழுந்தான். ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் பாத்திரத்தைக் கவிழ்த்துத் தட்ட ஆரம்பித்தார்கள். கேட்கச் சகிக்காத இரைச்சல் அது. தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி.

அதற்கு எந்தப் பக்கமிருந்தும் பதில் வரவில்லை.

எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று நான் பார்க்கவில்லை. சட்டையெல்லாம் நனைந்து, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் இஞ்சின் சத்தம், பிறகு சித்தப்பாவின் சிவப்புத் துண்டு, பிறகு படகு. படகில் ஆறு பேரும் இருந்தார்கள். நான் எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

சித்தப்பா இறங்கினதும் மணலில் குந்தி பீடி பற்ற வைத்தார். சித்தி கொடுத்தனுப்பியிருந்த பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். குடித்த பிறகுதான் பேசினார்.

"மொதல்ல ரெண்டு பக்கமும் கேட்டுச்சு. இந்தப் பக்கம் கொஞ்சமா, அந்தப் பக்கம் நெறிய. நான் அந்தப் பக்கம் திருப்பிட்டேன். அந்தம்மாவும்" தலைவியைக் காட்டினார், "அங்க போ, அங்க போன்னு கைய காட்டுது. அலை சத்தம் கூட எனக்குக் காதுல வுழல. அந்தத் தட்றதுல மெய்மறந்து போச்சு. அப்போதான் கால்ல கட்டு போட்ட பொண்ணு வந்து என் கையப் புடிச்சிக்கிச்சு. வேணா வேணான்னு தலைய ஆட்டுது. அழுவுது. நான் அத ஒதறிட்டுப் போயிருப்பேன். அதுக்குள்ள இங்க பாத்திரம் கீத்திரம் எல்லாம் தட்டி ஒரே பேஜாரா சத்தம் வந்துச்சு பாரு, சரி, இதான் நம்ம ஊருன்னு திருப்பிட்டேன்."

வலது கணுக்கால் மணலில் உட்கார்ந்திருந்தாள். காலைப் பார்த்தேன். படகில் எழுந்து நின்று அவரோடு மல்லுக்கட்டியதில் வீக்கம் இரண்டு மடங்காகியிருந்தது. மீன் ஏற்றுமதிக்கு வைத்திருந்த ஐஸ் பெட்டியிலிருந்து ஐஸ் வாங்கி வந்து வைத்தேன். இறால் வாடை அடித்தது. அவள் முகத்தைச் சுளிக்கவில்லை.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"கரையில அஞ்சு பேர்தானே இருந்தீங்க. அங்க பதினொண்ணு கேட்டுச்சு. அதுல ஒண்ணு நான்." ஐஸைக் கணுக்காலின் மறுபக்கம் நகர்த்தி வைத்தாள். "கால் ஒடியறதுக்கு முன்னாடி இருந்த நான். நான் படகுல உக்காந்திருக்கேன், அவ அங்க ஆடிட்டிருக்கா."

பத்து மணிக்குப் பனி விலகியது, துறையிலேயே நின்றுவிட்ட மூன்றாவது படகும் வந்து சேர்ந்தது. வெயில் அடித்தது, ஏரி ஒன்றும் நடக்காததுபோலப் பளபளத்தது. ஆட்டம் வேண்டாம் என்று நான் நினைத்தேன். ஊர்க்காரர்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டி அழைத்து வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் ஆடினார்கள், கடைசி ஆட்டத்தை மட்டும் விட்டுவிட்டு. யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த இடம் வந்ததும் எல்லோரும் குனிந்து வணங்கிவிட்டு இறங்கிவிட்டார்கள். மத்தியானம் நண்டுக் குழம்போடு சோறு போட்டார்கள். இடது முழங்கால் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

தலைவி சாப்பிடவில்லை. தீவின் கிழக்குக் கரையில் போய் நின்றிருந்தாள். கூப்பிடப் போனேன். அங்கிருந்து முகத்துவாரத்து அலை வெள்ளையாகத் தெரியும்.

"இருபத்தாறு வருஷமா இந்தக் குழுவ நடத்தறேன்" என்றாள் திரும்பாமல். "அந்தச் சத்தம் மாதிரி ஒரு தடவகூட நாங்க ஆடினதில்ல. ஒரே ஒரு தடவ ஆடிடணும்னுதான் இத்தன வருஷமும் போச்சு. காலையில படகுல எனக்குத் தெரியும், அங்க கரை இல்லன்னு. அலை சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கேட்டும்தான் கைய காட்டினேன்."

ஆறு பேரை வைத்துக்கொண்டா என்று கேட்க வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தால், அந்தக் கேள்வியை அவளே கேட்டுக்கொண்டு வெகுநேரம் ஆகியிருந்தது என்று தெரிந்தது. கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். கை ஐஸ்போல இருந்தது, அந்த வெயிலிலும்.

மூன்று நாளில் விமானம் ஏறினார்கள். வலது கணுக்காலுக்குச் சென்னையில் ஸ்கேன் எடுத்ததில் எலும்பில் மெல்லிய விரிசல். ஊரில் போய் ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாள். இப்போது ஆடுகிறாள். வீடியோ அனுப்பினாள். கண்ணை மூடிக் கேட்டேன். குதிகால் ஒரு நூல் பிந்தித்தான் விழுகிறது. அவள் அதைச் சரிசெய்யப் பார்ப்பதை விட்டுவிட்டாளாம். தலைவி பொறுப்பை இடது முழங்காலிடம் கொடுத்துவிட்டாள். குழு இப்போது பள்ளிக்கூட அரங்குகளிலும் கல்யாண மண்டபம் மாதிரி இடங்களிலும் மட்டும் ஆடுகிறது. பழைய இடங்களுக்குப் போவதில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் சித்தப்பா தோள்வலி என்று கிளினிக்குக்கு வந்தார். குப்புறப் படுக்க வைத்துத் தோளை அழுத்திக்கொண்டே பேச்சுக்குக் கேட்டேன்.

"அன்னிக்குக் கேட்ட மாதிரி அதுக்கு முன்னாடி எப்பவாவது கேட்டிருக்கியா சித்தப்பா?"

"இல்லமா. ஏழு வயசுலேர்ந்து ஏரியிலதான் கீறேன். அன்னிக்குத்தான் மொத தபா."

"அப்பறம்?"

முகம் தலையணையில் புதைந்திருந்ததால் குரல் அமுங்கி வந்தது.

"அப்பறம் மூணு தபா. எனக்கு மட்டும் இல்ல, ஆரம்பாக்கத்து ஆளுங்க ரெண்டு பேரு கேட்டிருக்காங்க. பனி எறங்கினா கேக்குது. இப்ப நாங்க யாரும் பனியில எந்தச் சத்தத்துக்கும் போறதில்ல. நங்கூரத்தப் போட்டுட்டு வெயில் வர்ற வரிக்கும் குந்திக்கினு இருக்கோம். இன்னா, அன்னிக்குப் புடிக்கிற ஒரு பாடு மீனு போவுது. போனா போவட்டும்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"இதுவரிக்கும் இல்ல."

தோளை அழுத்திக்கொண்டே இருந்தேன். கோட்டையிலிருந்து பொட்டலுக்கும், பொட்டலிலிருந்து ஏரிக்கும் அது எங்கள் கூடத்தான் வந்திருக்கிறது. வேனில், பலகைகளோடு. விமானத்தில் மட்டும் ஏறவில்லை. அவர்கள் கிளம்பிப் போனார்கள், அது என் சித்தப்பாவின் தண்ணீரில் இருக்கிறது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தலைவி எப்போதாவது செய்தி அனுப்புவாள். உடம்பு எப்படி, மழை உண்டா, இப்படித்தான். அன்று சாயங்காலமும் ஒன்று வந்திருந்தது. கடைசி வரியில், ஏரி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாள். வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து இறங்குவாள் என்று எனக்குத் தெரியும்.

நன்றாக இருக்கிறது, இறால் சீசன், என்று எழுதி அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன்.